எம்ஜிபிக்கு எந்த சைலன்சர், அதை எப்படி மாட்டுவது?

கேட்டது இது: இங்கிலாந்தில் இருக்கிறேன், போன மாதம் எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, 1970 மாடல், வாங்கினேன். எக்ஸாஸ்ட் பைப் நடுவில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவதா, சாதா இரும்பு போதுமா? பெரிய விட்டமுள்ள பைப் போட்டால் பவர் கூடும், அப்படியே எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து இறக்கும் மேனிஃபோல்டையும் மாற்றிவிடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். வீட்டு வாசலில் வைத்து நானே மாட்ட முடியுமா?

முடியும். நானும் ஒரு ஜிடியை இருபது வருடமாக வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன். அதில் மூன்று சைலன்சர் மாற்றியாயிற்று. முதலாவது மாட்டியதில் எல்லாத் தப்பும் செய்தேன், இரண்டாவது வாங்கியதில் தப்பு செய்தேன், மூன்றாவதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதனால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்: எதை வாங்குகிறோம் என்பதற்குக் கொடுக்கும் கவலையில் பாதியையாவது எப்படித் தொங்கவிடுகிறோம் என்பதற்குக் கொடுங்கள்.

முதலில் உங்கள் வண்டியின் எக்ஸாஸ்ட் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். கம்பெனி சொன்ன கணக்கில் 95 குதிரைத்திறன். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், இடது பக்கம் இருக்கும். நாலு சிலிண்டர் என்றாலும் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டில் எக்ஸாஸ்டுக்கு மூன்றே வாசல்தான். முதல் சிலிண்டருக்கு ஒன்று, நாலாவதற்கு ஒன்று, நடுவில் இருக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் ஓரத்து வாசல் இரண்டையும் சேர்த்து ஒரு பைப்பிலும், நடு வாசலை இன்னொரு பைப்பிலும் இறக்குகிறது. அந்த இரண்டு பைப்பும் கீழே போய் ஒன்றாகச் சேர்ந்து, சைலன்சர் வழியாகப் பின்னால் போகிறது.

இதில் ஒரு அழகு இருக்கிறது. எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதாவது ஓரத்து வாசல்களில் 1, 4 என்றும், நடு வாசலில் 3, 2 என்றும் மாறி மாறிப் புகை வரும். இரண்டு பைப்பிலும் ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளி விட்டுத்தான் அடுத்த மூச்சு வருகிறது. ஒன்றின் மேல் ஒன்று மோதுவதில்லை. ரேஸ்காரர்கள் காசு கொட்டி வாங்கும் குழாய் மேனிஃபோல்ட் செய்கிற வேலையில் பெரும்பகுதியை எம்ஜி தொழிற்சாலை இருந்த அபிங்டனிலிருந்து வந்த இந்தக் கனத்த இரும்புத் துண்டே செய்துவிடுகிறது. பி-சீரிஸைப் பிரித்துப் பழகியவர்கள் இதைக் குறை சொல்வது அபூர்வம்.

எனவே மேனிஃபோல்ட் விஷயத்தில் நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஹெட்டைக் கடைந்து, கேம்ஷாஃப்ட் மாற்றி, நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்கு மேல் எஞ்சினை விரட்டுகிற ஆளாக இருந்தால் பேச்சு வேறு. சாதாரண எஞ்சினில் குழாய் மேனிஃபோல்ட் போட்டால் கிடைக்கும் பவரை ஓட்டுபவரின் முதுகு உணராது. சத்தத்தைக் காது உணரும், சூட்டைக் கார்புரேட்டர் உணரும். மெல்லிய குழாய் வார்ப்பிரும்பைப் போலச் சூட்டை உள்ளே அடக்கி வைக்காது, வெளியே கக்கும். எஸ்யூவில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. வெயில் நாளில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் கொதித்து, எஞ்சின் இருமும். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் சூட்டைத் தடுக்க இருக்கும் தகட்டுக் கவசத்தைப் பழைய குப்பை என்று கழற்றிப் போட்டுவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குழாய் மேனிஃபோல்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, அதை விற்பவர் சொல்ல மாட்டார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டும் ஒரே கேஸ்கட்டில் (கசிவை அடைக்கும் தகட்டில்) பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். நடுவில் இருக்கும், நட்டு மாட்டும் மரைத்தண்டான ஸ்டட்டுகளில் ஒரு பெரிய வாஷர், பாதி இதன் விளிம்பிலும் பாதி அதன் விளிம்பிலும் ஏறி இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தும். இரண்டு விளிம்பின் தடிமனும் சமமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். புது மேனிஃபோல்டின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மெல்லியதாக இருந்தாலும் வாஷர் சாய்ந்துவிடும். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் இறுகாது. எக்ஸாஸ்ட் கசிந்தால் 'டிக் டிக்' என்று சத்தமாவது வரும். இன்டேக் கசிந்தால் சத்தமில்லாமல் காற்றை இழுக்கும், கலவை மெலியும், ஐட்லிங் கெடும். நீங்கள் மூன்று வாரம் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். இதையும் மீறிப் போடுவதாக இருந்தால், மாட்டுவதற்கு முன் வெர்னியர் வைத்து இரண்டு விளிம்பையும் அளந்து, தடிமனானதை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

இடது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியாக இருந்தால் ஸ்டியரிங் தண்டும் மேனிஃபோல்ட் இருக்கும் அதே பக்கம்தான் இறங்கும். சில குழாய் மேனிஃபோல்டுகள் அதில் போய் இடிக்கும். உங்களுடையது இங்கிலாந்து வண்டி, அந்தத் தொல்லை இல்லை.

சரி, பைப் விட்டம். 'எஞ்சினுக்குப் பின்னழுத்தம், அதாவது வெளியேறும் புகைக்குக் கொஞ்சம் தடை, வேண்டும், அதனால் பெரிய பைப் கூடாது' என்று ஒரு கட்சி. 'பெரிய பைப், பெரிய பவர்' என்று இன்னொரு கட்சி. இரண்டும் சரியில்லை. எந்த எஞ்சினும் பின்னழுத்தத்தை விரும்புவதில்லை. அதற்கு வேண்டியது புகை வேகமாக ஓடுவது. ஒரு சிலிண்டரிலிருந்து புகை பீறிட்டுப் போகும்போது அதன் வால் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் உண்டாகும். அது அடுத்து வரும் புகையை இழுத்துக்கொண்டு போகும். பைப் அகலமாக ஆக வேகம் குறைகிறது, இழுப்பும் குறைகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்கிறது, விரலை எடுத்தால் எப்படிக் காலடியில் விழுகிறது என்று பார்த்திருப்பீர்கள். இங்கேயும் நடப்பது ஏறத்தாழ அதுதான். 95 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த விட்டம் போதும். ஒரு படி பெரியது வைத்தால் கெட்டுப்போகாது. அதற்கு மேல் போனால், நீங்கள் அதிகம் ஓட்டும் 2,000 முதல் 3,500 சுழற்சிக்குள் இழுவை சற்றுக் குறைந்து, கனைப்பு மட்டும் கூடும்.

அந்தக் கனைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுடையது ஜிடி. திறந்த ரோட்ஸ்டராக இருந்தால் சத்தம் காற்றோடு போய்விடும். ஜிடி ஒரு மூடிய பெட்டி. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3,000 சுழற்சி என்றால் நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த சுருதிதான் மூடிய காருக்குள் 'ம்ம்ம்' என்று தேங்கி மண்டைக்குள் ஏறும். எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் போட்டு மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் எங்கே ஓடுகிறது தெரியுமா? 3,100, 3,200 பக்கம். நீங்கள் மூன்று மணி நேரம் உட்காரப்போகிற இடத்திலேயே அந்த ரீங்காரமும் உட்கார்ந்திருக்கும். என் இரண்டாவது சைலன்சர் இப்படித்தான். பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்தபோது சிங்கம் மாதிரி இருந்தது. எடின்பரோ போய்ச் சேர்வதற்குள் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலில் வரலாமா என்று கேட்டார்.

இதற்குக் காரணம் சைலன்சரின் உள்வேலை. இருவகை உண்டு. ஒன்றில் துளை போட்ட நேர்க்குழாய் ஒன்று பெட்டிக்குள் போகும், சுற்றிலும் கண்ணாடி இழையோ இரும்புக் கம்பளியோ அடைத்திருக்கும். புகைக்குத் தடையே இல்லை. உயர்ந்த சுருதிகளை இழை விழுங்கிவிடும், தாழ்ந்ததை அவ்வளவாக விழுங்காது. வருடங்கள் போகப் போக இழை எரிந்து, பொடியாகிப் பின்னால் பறந்துவிடும், சத்தம் ஏறிக்கொண்டே வரும். இன்னொன்றில் தடுப்புச் சுவர் வைத்த அறைகள். புகை வளைந்து திரும்பிப் போகும், ஒலி அலைகள் தங்களுக்குள் மோதி அடங்கும். தாழ்ந்த சுருதியை அடக்க இதுதான் கெட்டி. ஜிடிக்கு என் யோசனை: இரண்டு பெட்டி உள்ள அமைப்பாக வாங்குங்கள். இரண்டில் ஒன்றாவது தடுப்பறை வகையாக இருக்கட்டும். முன் பெட்டியை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தது 'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் வரும். ரோட்ஸ்டர்காரர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

சட்டமும் ஒரு வார்த்தை. 40 வயது தாண்டிய வண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதது என்றால் 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. போனாலும் 1975 ஆகஸ்டுக்கு முந்திய வண்டிக்குப் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆனால் சைலன்சரை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், சத்தம் கூடும்படி அதை மாற்றக் கூடாது என்ற விதிக்கு வயது வரம்பு கிடையாது. ரேஸ் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஆசை இருந்தால் இன்னும் கண்டிப்பு. பைப் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, எஞ்சினை அதன் உச்ச சுழற்சியின் முக்கால் பங்கில் நிறுத்தி அளப்பார்கள். தாண்டினால் பணம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இனி இரும்பா எவர்சில்வரா? ஆம், நம் வீட்டுச் சமையலறை எவர்சில்வரேதான். முதலில் சாதா இரும்பு ஏன் சாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பைப் சூடாக இருந்தால் அது அப்படியே போய்விடும். குளிர்ந்த பைப்பில் பனித்து நிற்கும், புகையில் உள்ள மற்றதோடு சேர்ந்து லேசான அமிலமாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மைல் ஓட்டிக் காப்பி குடித்துவிட்டு மறுபடி ஷெட்டில் நிறுத்துகிற வண்டியின் சைலன்சர், தினமும் 60 மைல் ஓடுகிற வண்டியுடையதைவிட முந்திப் போய்விடும். அதுவும் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே ஒரு நாள் 'பொத்' என்று விழும். உங்கள் நடு ஓட்டையும் பள்ளமான இடத்தில்தான் இருக்கும், தண்ணீர் அங்கேதான் தங்கும்.

நீங்கள் வண்டியை வாரம் ஒருமுறைதான் எடுப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எவர்சில்வர்தான். ஆனால் எந்த எவர்சில்வர்? எக்ஸாஸ்டில் இரண்டு ரகம் அடிபடும். 304 என்பது நல்ல ரகம், 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 409 என்பது மலிவு ரகம், குரோமியம் 11 சதவீதம் பக்கம்தான். அது ஓட்டை விழ நாளாகும், ஆனால் மேலே பழுப்பு படரும். கண்டுபிடிக்க நம் அம்மாக்கள் பாத்திரக் கடையில் செய்த சோதனையே போதும்: காந்தம் வையுங்கள். 409-இல் ஒட்டும். 304-இல் ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். பைப்பில் ஒரு தடவை, பெட்டியின் உடம்பில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பைப் ஒரு ரகமும் பெட்டி இன்னொரு ரகமுமாக வருவதுண்டு. வெளிப்பெட்டி மட்டும் 304, உள்ளே இருக்கும் தடுப்பு சாதா இரும்பு என்றும் வரும். அதைக் காந்தம் சொல்லாது, விற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

எவர்சில்வரில் குறை இல்லையா? உண்டு. ஒலி மாறும். தட்டு விழுந்த மாதிரி ஒரு கணகணப்பு சேரும், எல்லாருக்கும் பிடிக்காது. 1970 வண்டி 1970 போலவே ஒலிக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்குச் சாதா இரும்பே பொருத்தம், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். அலுமினியம் பூசிய இரும்பு என்று நடுவில் ஒன்று உண்டு, சாதா இரும்பைவிட நாள் பிடிக்கும். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற சீட்டைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், அதிலும் உள்ளே அடைத்த இழைக்குக் கிடையாது.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. 304 சூட்டில் இரும்பைவிட அதிகம் நீளும். மூன்று மீட்டர் பைப் 200 டிகிரி சூடேறினால் இரும்பு 7 மில்லிமீட்டர் நீளும், 304 சுமார் 10 மில்லிமீட்டர். அந்த 10 மில்லிமீட்டருக்கு இடம் விடாமல் மாட்டினால் அது எங்கேயாவது போய் முட்டும். என் முதல் தப்பு அதுதான். குளிர்ந்த நிலையில் எல்லாம் கச்சிதம், பத்து மைல் போனதும் தரையில் யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி.

ஆர்டர் செய்வதற்கு முன் வண்டியின் வருடம், உடல் வகை (ஜிடியா ரோட்ஸ்டரா), பம்பர் மூன்றையும் சொல்லுங்கள். 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியின் உயரத்தையும் ஏற்றினார்கள். பைப் வாய் எங்கே முடிய வேண்டும் என்பதும் மாறுகிறது. 1973 முதல் 1976 வரை வந்த 3.5 லிட்டர் வி8 ஜிடியின் எக்ஸாஸ்ட் முற்றிலும் வேறு. மூன்று நாலு துண்டாக வரும் செட்டில், கிளாம்ப், பைப்பைத் தொங்கவிடும் ரப்பர், கேஸ்கட் சேர்த்தியா இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சேர்த்தி இல்லை. பழைய ரப்பரை மறுபடி போடுவது புதுச் செருப்புக்குப் பழைய வார் தைப்பது மாதிரி. அத்தனையும் புதிதாக வாங்குங்கள்.

சரி, கழற்றுவோம். முதல் விஷயம்: ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். நாலு ஆக்ஸில் ஸ்டாண்டு, சமதளமான தரை. சரளைக்கல் போட்ட வாசலாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனத்த பலகை. பின் ஸ்டாண்டுகளை அச்சுக்கு அடியிலேயே வையுங்கள், உடம்புக்கு அடியில் வேண்டாம். காரணம் அப்புறம் வரும்.

ஒரு வாரம் முன்பிருந்தே மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் இடையில் இருக்கும் ஆறு நட்டுக்கும் தினமும் பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்து வாருங்கள். இந்த ஆறு நட்டுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. பித்தளை நட்டாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது. யாராவது முன்னால் இரும்பு நட்டு போட்டிருந்தால் கஷ்டம்தான். நீண்ட எக்ஸ்டென்ஷன், அதன் நுனியில் மடங்கும் ஜாயின்ட், ஆறு முனை சாக்கெட், இவற்றோடு அடியிலிருந்து போங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் முனையைத் தின்றுவிடும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள். நகரவில்லை என்றால் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் வரவில்லையா, நட்டை வெட்டிப் பிளந்துவிடுங்கள். நட்டு போனால் போகிறது. ஸ்டட் முறிந்தால் மேனிஃபோல்டையே இறக்க வேண்டும். எனக்கு ஒன்று முறிந்தது. ஒரு சனிக்கிழமை வேலை மூன்று வாரமானது, டிரில் பிட் இரண்டு உடைந்தது.

மேனிஃபோல்டை இறக்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். நனைத்து, மொட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரத்தோடே பையில் கட்டுங்கள். திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்ட் நட்டுகளுக்கு 15 பவுண்டு-அடி முறுக்கு போதும். கை பலம் உள்ளவர்கள்தான் இங்கே ஸ்டட்டை அறுக்கிறார்கள்.

முன் பகுதி கழன்றதும் மற்றவை சுலபம். பழைய பைப்பை ஆங்காங்கே கிரைண்டரால் அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் பெட்ரோல் பைப்பும் பெட்ரோல் டேங்கும் பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள். பின்பக்கம் வந்ததும் கிரைண்டரை வைத்துவிட்டு ஹாக்ஸா பிளேடை எடுங்கள். கை வலிக்கும், வலிக்கட்டும்.

இப்போது மாட்டும் வேலை. ஒரே விதி: கடைசி வரைக்கும் எதையும் இறுக்காதீர்கள். ஆறு நட்டையும் கையால் திருகி நிறுத்துங்கள், இரண்டு கேஸ்கட்டும் புதிதாக, ஸ்டட்டில் காப்பர் கிரீஸ், நட்டு பித்தளை. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். எல்லா ரப்பரிலும் தொங்கவிடுங்கள். கிளாம்புகளைப் பைப் நழுவாத அளவுக்கு மட்டும் பிடிக்கவிடுங்கள். இப்போது எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து முன்னிருந்து பின்னாகப் பாருங்கள். பெட்டி தரைத் தகட்டில் இடிக்கிறதா, ஹேண்ட்பிரேக் கேபிளை உரசுகிறதா, பிரேக் பைப்புக்கு எவ்வளவு தூரம். எங்கேயும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் கிளட்ச் விடும்போது எக்ஸாஸ்டும் சேர்ந்து ஆடும். முன்பக்கத்துத் தாங்கியை அசையவே முடியாதபடி இறுக்கிவிட்டால் அந்த ஆட்டமெல்லாம் மேனிஃபோல்ட் ஸ்டட்டுக்குப் போகும், இல்லையென்றால் பைப்பின் கழுத்தில் வெல்டிங் விரியும்.

ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் வைக்கச் சொன்னேனே, காரணம் இதுதான். உடம்பைத் தூக்கினால் பின் அச்சு தொங்கிவிடும். அந்த நிலையில் பைப் அச்சைத் தொடாமல் அழகாகப் போவதாகத் தோன்றும். வண்டி இறங்கி, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு வேகத்தடை வந்தால் 'டங்' என்று அடிக்கும். அச்சு வண்டியின் பாரத்தைத் தாங்கியிருக்கும்போதே இடைவெளியைச் சரிபாருங்கள். முடிந்தால் பின்னால் யாரையாவது உட்காரவைத்து இன்னொரு முறை பாருங்கள். என் வண்டியில் அந்தப் பதவி என் மகனுக்கு. கைப்பேசி பார்க்க விட்டால் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவான்.

செட்டு சரியாக உட்காராமல் போனால் என்ன செய்வது? உட்காராமல் போவது சகஜம். என் இரண்டாவது செட்டில் பின்பைப் ஒரு அங்குலம் தள்ளி வளைந்திருந்தது, அதை ரப்பரை இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டேன். ஆறு மாதத்தில் ரப்பர் அறுந்து, ஒரு ரவுண்டானாவில் பெட்டி தரையில் இழுபட்டது. இழுத்துக் கட்டாதீர்கள். செருகு மூட்டைக் கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள், கொஞ்சம் உள்ளே வெளியே நகர்த்துங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஒரு சைலன்சர் பட்டறையில் கொடுத்து வளைவைத் திருத்தச் சொல்லுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள். கீறல் விழுந்த பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் முதல் ஒத்திகையில் மெதுவாகக் கையாளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஆறு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. செருகு மூட்டில் ஃபயர்கம் மாதிரிப் பசை போட்டால் கசியாது. யு-போல்ட் கிளாம்ப் பைப்பை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பட்டையான கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, பரவாயில்லை. பைப் வாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜிடியில் இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஓடும் வண்டியின் சப்பையான முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று புகையை மேலே இழுக்கும். பின்கதவின் ரப்பர் பழையதாக இருந்தால் அது நேராக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்தால் கனைப்பைக் குறை சொல்லாமல் பின்கதவு ரப்பரை மாற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்து, கனத்த துணியை மடித்துப் பைப் வாயில் ஒரு நொடி அழுத்துங்கள். மூட்டுகளில் கசிவு இருந்தால் 'புஸ்' என்று காட்டிக்கொடுக்கும். முதல் அரை மணி நேரம் புதுப் பைப்பிலிருந்து எண்ணெய்ப் புகை வரும், பயப்பட வேண்டாம். எவர்சில்வர் முன்பக்கத்தில் பொன்னிறமாகி, பிறகு நீலமாகும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடித்தால் மேனிஃபோல்ட் மூட்டில் காற்று உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள், கார்புரேட்டரை அப்புறம் பார்க்கலாம். 100 மைல் ஓடியதும் ஆறிய நிலையில் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள். கேஸ்கட் அமுங்கியிருக்கும், கால் சுற்றாவது கிடைக்கும்.

மேனிஃபோல்டில் துணிப்பட்டை சுற்றுவது பற்றி யாராவது சொல்வார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே அரிக்கவிடும். வேண்டாம்.

ஸ்டட் முறியாத பட்சத்தில் இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் வேலை. பழைய சைலன்சரை அறுத்து எடுத்தாலும் உடனே குப்பைக்கு அனுப்பாதீர்கள். துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கிப் புதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு எங்கே மாறுகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தேடுவதைவிட, அங்கே நின்றபடியே தெரிந்துவிடும்.